வீட்டில் அரைத்த பொடியை ஆன்லைனில் விற்பது எப்படி: முதல் 100 பார்சல் வரை

இட்லிப் பொடி, பூண்டுத் தொக்கு, கைமுறுக்கு மூன்றும் கைவசம் இருக்கிறது, ஆன்லைனில் எதை முதலில் இறக்கலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பொடியைச் சொல்லலாம். பொடி உடையாது, ஒழுகாது. நன்றாக வறுத்து ஆறவைத்து அடைத்தால் இரண்டு மாதத்துக்கு மணம் குறையாது. முறுக்கு வழியில் நொறுங்கும். தொக்கு எண்ணெய் கக்கும். இந்த இரண்டையும் பொடி விற்றுக் கை பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் வியாபாரத்தின் வாய்ப்பு என்னவென்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கடை வாடகை இல்லை, கடைக்காரரிடம் சரக்கை வைத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைய வேண்டியதில்லை, திண்டுக்கல்லில் அரைத்த பொடியை மறுநாள் சென்னை அடுக்குமாடியில் ஒருவர் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவிழ்வது ருசியிலோ விளம்பரத்திலோ இல்லை. எடை, பார்சல், ரிட்டர்ன் என்ற மூன்றில்தான் பணம் கரைகிறது. இந்தக் கட்டுரை தமிழ்நாட்டிலிருந்து விற்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதிக இடமும் அந்த மூன்றுக்குத்தான்.

200 கிராம் பாக்கெட் போடுங்கள்

கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று படிப்படியாக ஏறும். 510 கிராம் என்றாலும் அடுத்த படிக்குரிய கட்டணம்தான். எல்லோரும் பழக்கத்தில் கால் கிலோ பாக்கெட் போடுகிறார்கள். இரண்டு பாக்கெட் ஆர்டர் வந்தால் பொடியே 500 கிராம். பவுச், அட்டைப்பெட்டி, டேப் சேர்ந்து 580 ஆகி, ஒரு கிலோவுக்கான கட்டணம் விழுகிறது. அதையே 200 கிராமாகப் போட்டால், இரண்டு பாக்கெட்டும் பெட்டியும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் அடங்கும். இந்த ஒரு முடிவிலேயே ஆர்டருக்கு 30, 40 ரூபாய் மிச்சம்.

இனி விலை. கீழே உள்ளவை கணக்குப் புரிவதற்காக வைத்த எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். ஒரு 200 கிராம் பருப்புப் பொடிக்குச் சாமான் 50 ரூபாய், எரிவாயுவும் அரைப்புக் கூலியும் 8, ஆள் கூலி 15, பவுச்சும் லேபிளும் 9. ஆக 82. வீட்டிலுள்ளவர்களே வறுத்து இடித்தாலும் கூலியை எழுதத்தான் வேண்டும். பிற்காலத்தில் ஆள் வைக்கும்போது விலையை ஏற்ற முடியாமல் தவிப்பவர்கள் எல்லாம் ஆரம்பத்தில் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள். இன்னொன்று, வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் விலையை வைத்துத்தான் எரிவாயுச் செலவு போட வேண்டும்.

விற்பனை விலை 160 என்று வைப்போம். இரண்டு பாக்கெட் ஆர்டரில் 320 வருகிறது. அனுப்பும் செலவு 50 ரூபாயை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்குகிறீர்கள். சரக்கின் அடக்கம் 164, பெட்டியும் டேப்பும் 12. மீதி 144. ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வந்தால் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள்; 370 ரூபாய்க்கு ஏறக்குறைய 9. விளம்பரத்தில் ஓர் ஆர்டர் பிடிக்க 60 ஆனது என்றால் நிற்பது 75. கிழிந்தது, தொலைந்தது, மறுபடி அனுப்பியது என்று 10 ரூபாய் ஒதுக்கினால் 65. இதுதான் லாபம். 320 ரூபாய்ப் பொருளில் பாதி லாபம் என்று மனக்கணக்குப் போட்டு வந்தவர்களுக்கு இந்த எண் கசக்கும்.

பதிவுகள்

முதலில் உணவுப் பாதுகாப்புப் பதிவு. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் ஃபாஸ்கோஸ் என்ற தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சிறு உற்பத்தியாளருக்கு, அதாவது ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் இருப்பவருக்கு, உரிமம் தேவையில்லை, பதிவு போதும். பல்லாண்டாக அந்த வரம்பு 12 லட்சமாக இருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். அதிகாரி நேரில் வந்து பார்க்கவும் கூடும். கிணற்று நீரோ போர் நீரோ என்றால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும், உணவைக் கையாள்பவருக்கு மருத்துவச் சான்றும் தயாராக இருக்கட்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் கால் மணி நேர வேலை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் வசூலிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரி அரசுடையதுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நடப்புக் கணக்கு தொடங்க இந்தச் சான்றிதழ் உதவும். பெயரைப் பதிவு செய்யும்போதும் பயன்படும். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பொடிகள், தின்பண்டங்கள் 30ஆம் வகுப்பில் வரும், ஊறுகாய் 29இல்.

அடுத்து ஜிஎஸ்டி. தடுமாற்றம் அதிகம் இங்கேதான். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது சரி. ஆனால் அது மாநிலத்துக்குள் விற்கும் வரைக்கும்தான். வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், முதல் பார்சலிலிருந்தே பதிவு கட்டாயம். இன்ஸ்டாகிராமில் பெங்களூருவிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்ட மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட நுட்பமான பொறி புதுச்சேரி. விழுப்புரத்துக்காரருக்கு அது பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு ஆட்சிப்பகுதி. அங்கே அனுப்பினால் வெளிமாநில விற்பனை. பின்கோடைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் 605 என்பது விழுப்புரத்துக்கும் உண்டு, புதுச்சேரிக்கும் உண்டு. 609இல் மயிலாடுதுறையும் இருக்கிறது, காரைக்காலும் இருக்கிறது. முகவரியில் மாநிலத்தை எழுதி வாங்குவது ஒன்றே வழி.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைத் தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் ஜிஎஸ்டி கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருந்து சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம் என்று தளர்த்தினார்கள். எல்லாத் தளங்களும் எல்லா வகைப் பொருளுக்கும் இதை ஏற்பதில்லை என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பளம் மட்டுமே விற்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அப்பளத்துக்கு வரியே கிடையாது, முழுக்க வரிவிலக்குப் பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஊறுகாய், அடைத்து விற்கும் மிக்சர், முறுக்கு வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது.

ஒருமுறை எண் வாங்கிவிட்டால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வெற்றுக் கணக்குக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை இருந்தால் 50. சும்மா இருக்கட்டும் என்று எண் வாங்கி வைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அபராத நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டரைத் தேடுபவர்கள் நிறைய. எங்கள் யோசனை: முதல் 100 பார்சலைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுப் பாருங்கள். கை பழகிய பிறகு ஜிஎஸ்டி எடுத்து எல்லை தாண்டுங்கள்.

லேபிள்

தமிழில் மட்டும் அச்சிட்ட லேபிள் சட்டப்படி போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண் (ஒரே தடவையில் அரைத்த சரக்குக்கான எண்), எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராம் விலை, புகாருக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலும், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும். இவற்றோடு ஊட்டச்சத்துப் பட்டியல். நம் 160 ரூபாய்ப் பாக்கெட்டில் கிராம் விலை 0.80 என்று வரும். இந்தக் கிராம் விலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். நாம் கவனிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள். நிலக்கடலையும் அப்படியே. பருப்பு மட்டும்தானே என்று பாக்கெட்டில் கோதுமை இல்லை என்று போட்டுவிட்டால், ஒவ்வாமை உள்ள ஒருவர் அதை நம்பிச் சாப்பிடுவார்.

தேதியைப் பேனாவால் எழுதாதீர்கள். பொடி பட்ட விரலால் இரண்டு முறை தொட்டாலே அழிந்துவிடும். அழியாத மையுள்ள முத்திரையோ சிறு கைப்பிரிண்டரோ வேண்டும். தராசும் எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அடைத்து விற்பவராக அங்கே பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

எழுதக் கூடாத இரண்டு விஷயங்கள். கறிவேப்பிலைப் பொடி முடி வளர்க்கும், வெந்தயப் பொடி சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று பாக்கெட்டிலோ பதிவிலோ எழுதாதீர்கள். நோய் தீர்ப்பதாக உணவுப்பொருளை விளம்பரப்படுத்துவது குற்றம். அதேபோல், மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. தாம்பரத்தில் சுட்ட முறுக்கை மணப்பாறை முறுக்கு என்று விற்க முடியாது.

எத்தனை நாள் கெடாது என்பதை ஊகத்தில் போடாதீர்கள். ஒரே தொகுதியில் பத்துப் பாக்கெட்டை அடைத்து வைத்து, 15 நாளைக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, ருசித்து, எண்ணெய் சிக்கு நாற்றம் எப்போது தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகத் தேதி போடுங்கள். பரிசோதனைக்கூட அறிக்கை வேண்டுமென்றால் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், அதாவது நிஃப்டெமில், பரிசோதனை வசதியும் தொழில்முனைவோருக்கான பயிற்சியும் உண்டு. சந்தைத் தளங்களுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் கையில் சேரும்போது ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. 60 நாள் பொடியை 20 நாள் அலமாரியில் வைத்துவிட்டு அனுப்பினால் மீதி 40 நாள்தான், 45 நாள் கணக்குப் பார்க்கும் தளம் திருப்பிவிடக்கூடும்.

அடைப்பது

பொடி கட்டி தட்டுவதற்கும் பூஞ்சணம் பிடிப்பதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம், சூடு ஆறும் முன் அடைத்தது. அரைக்கும்போது மிக்ஸியே பொடியைச் சூடாக்கிவிடும். அரைத்ததும் அகலத் தாம்பாளத்தில் விரல் கனத்துக்குப் பரப்பி, ஃபேன் காற்று நேராகப் படாமல் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அடியில் கை வைத்தால் தாம்பாளம் குளிர்ந்திருக்க வேண்டும். பூண்டும் கறிவேப்பிலையும் சேர்ப்பவர்கள் அவற்றைத் தனியே மொறுமொறுவென்று வறுத்தாக வேண்டும், கையால் நொறுக்கினால் சத்தம் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரப்பியே வைத்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் ஆறியதும் தாமதிக்காமல் அடைத்துவிடுங்கள்.

உள்ளே அலுமினியத் தாள் உள்ள மூன்றடுக்குப் பவுச் வாங்குங்கள். ஒளி ஊடுருவும் கவரில் மிளகாயின் நிறம் வெளுக்கும், மணமும் வெளியே போகும். பவுச்சில் ஜிப் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது வாடிக்கையாளர் திறந்த பிறகு பயன்படுவதற்கு. அதற்கு மேலே சூட்டு சீல் போட வேண்டும். ஆரம்பத்துக்கு 8 அங்குலக் கை சீலர் போதும். சீல் போடும் இடத்தில் பொடித் தூள் ஒட்டியிருந்தால் சீல் பிடித்தது போலத் தெரியும், பிடித்திருக்காது. உலர்ந்த துணியால் வாயைத் துடைத்துவிட்டு, சீலரை அழுத்தி விளக்கு அணைந்த பிறகும் மூன்று நொடி கையை எடுக்காமல் வைத்திருங்கள். சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். பவுச்சை முக்கி அமுக்குங்கள், குமிழி வந்தால் ஓட்டை. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பவுச்சை இப்படிப் பலி கொடுக்கலாம். சீல் போடும் முன் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். உப்பிய பவுச் மேல் பத்துக் கிலோ பார்சல் ஒன்று ஏறினால் வெடித்துவிடும்.

பெட்டிக்கு ஒரு கிலோ வரை மூன்றடுக்கு அட்டை போதும். உள்ளே ஆட்டம் இருக்கக் கூடாது. குலுக்கினால் சத்தம் கேட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். டேப்பை நடுவில் ஒருமுறையும் இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள். முடிந்ததும் இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை மூலை படவும், ஒருமுறை தட்டையாகவும் கீழே போடுங்கள். கூரியர் குடோனில் இதைவிட மோசமாகத்தான் விழும்.

தொக்குக்கு வரும்போது பாட்டிலின் தலையில் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்புங்கள். பெட் எனும் பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சுருங்கிக் கோணிவிடும். மூடிக்குள் அலுமினியச் சீல் ஒட்டவில்லையென்றால் எண்ணெய் வரத்தான் செய்யும், மூடியைச் சுற்றி எத்தனை டேப் ஒட்டினாலும் சரி. 'மேல்பக்கம்' என்று அம்புக்குறி போடுவதை யாரும் மதிப்பதில்லை, பாட்டில் தலைகீழாகத்தான் பயணம் போகும் என்று நினைத்து அடையுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் தனிக் கவருக்குள், பிறகு குமிழ்த்தாள், பிறகு ஐந்தடுக்குப் பெட்டி.

அனுப்புவது

கூரியர்காரர் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார். தராசில் வரும் எடை ஒன்று. பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வரும் கிலோ அது. சிலர் 4,000ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 30, 20, 20 பெட்டியில் ஒரு கிலோ முறுக்கு வைத்தால் 12,000ஐ 5,000ஆல் வகுத்து 2.4 கிலோ, அரைக் கிலோ படியில் அது இரண்டரைக் கிலோ. முறுக்கில் லாபம் போன இடம் இதுதான். பொடிக்கு 18, 13, 7 பெட்டி என்றால் கணக்கு 0.33 கிலோதான், தராசு எடையே நிற்கும்.

பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலைத் தளங்கள் வழியாக அனுப்பினால், சில நாள் கழித்து எடை வேறுபாடு என்று சொல்லிப் பணத்தைப் பிடிப்பார்கள். மறுக்க வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும். தராசின் மேல் பெட்டி, எண்கள் தெரிய ஒரு படம், மூன்று பக்கமும் அளவு நாடா பிடித்து ஒரு படம். பெட்டி அளவு எப்போதும் ஒன்றே என்றால் ஒருமுறை எடுத்தாலே பலநாள் உதவும்.

ஊருக்குள் இருக்கும் தனியார் கூரியர் மாநிலத்துக்குள் மறுநாளே கொண்டுசேர்க்கும், ஆனால் கிராமத்து வாசல் வரை போகாமல் பக்கத்து டவுன் கிளையிலிருந்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும். தபால் நிலைய ஸ்பீட் போஸ்ட் ஒன்றிரண்டு நாள் கூடினாலும் போகாத ஊர் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பின்கோடைப் பார்த்துப் பிரித்து அனுப்புங்கள். முகவரியை வாய்ஸ் மெசேஜில் வாங்காதீர்கள். தட்டச்சில், கதவு எண், தெரு, அடையாள இடம், மாநிலம், பின்கோடு, இரண்டு தொலைபேசி எண்களோடு வாங்குங்கள். வெள்ளி, சனியில் அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் குடோன் வெயிலில் கிடக்கும். திங்கள் முதல் புதன் வரை நல்ல நாட்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஆர்டரை மூடிவிடுங்கள். பண்டிகைக்குப் பிறகு போய்ச் சேரும் முறுக்குக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பொருள் வந்ததும் பணம் வேண்டாம்

கேஷ் ஆன் டெலிவரி வைத்தால் ஆர்டர் கூடும். உண்மைதான். அந்தக் கூடிய ஆர்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மேலே சொன்ன இரண்டு பாக்கெட் கணக்கில் 100 ஆர்டர் போகிறது, 25 திரும்புகிறது என்று வையுங்கள். வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது, இப்படித்தான் திரும்பும். சேர்ந்த 75இல் 144 ரூபாயிலிருந்து பணம் வசூலிக்கும் கட்டணம் 35 போனால் 109, மொத்தம் 8,175. நூறு ஆர்டருக்கும் விளம்பரம் 6,000 போய்விட்டது, மீதி 2,175. திரும்பிய 25க்குப் போக, வர 100 வீதம் 2,500, பெட்டி 300. பத்துப் பதினைந்து நாள் அலைந்து வந்த உணவை இன்னொருவருக்கு விற்கக் கூடாது, ஆகவே சரக்கு 4,100. மொத்தம் 6,900. கையிலிருந்து 4,725 நஷ்டம். அதே 100 ஆர்டரும் முன்பணமாக வந்திருந்தால் 6,500 லாபம். ஆர்டர் பாதியாகக் குறைந்தாலும் முன்பணம்தான் நல்லது. துணி விற்பவர் திரும்பி வந்ததை மடித்து மறுபடி விற்கலாம், நமக்கு அந்த வசதி இல்லை.

பணம் வாங்குவதில் கவனம்

யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், போலிப் படம் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகுதான் பெட்டியை எடுக்க வேண்டும். பணம் வாங்க ஒருநாளும் பின் எண் போட வேண்டியதில்லை. ராணுவ முகாமுக்கு ஐம்பது பாக்கெட் வேண்டும், பணம் வர இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று அழைப்பு வந்தால் அது திருட்டு, பேச்சு எவ்வளவு மரியாதையாக இருந்தாலும். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியை வேறு எண்ணுக்குத் திருப்புங்கள் என்பதும் அதே வகை. பணம் வந்த கணக்குக்கே திருப்ப வங்கி வழியாக மட்டும் செய்யுங்கள். மோசடிப் பணம் கைமாறி உங்கள் கணக்கில் விழுந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் கொடுத்த புகாரில் உங்கள் கணக்கு முடங்கும். அதனால்தான் தொழிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்கிறோம், வீட்டுச் செலவாவது நிற்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

எங்கே விற்பது

வாட்ஸ்அப் பிசினஸில் தொடங்குங்கள். செயலி இலவசம், அட்டவணையில் படமும் விலையும் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். தெரியாத எண்களுக்கெல்லாம் மொத்தமாக அனுப்பினால் எண் முடக்கப்படும்.

இன்ஸ்டாகிராமுக்குப் படம் காலை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலே போதும். பொடியின் நறுநறுப்பு தெரியட்டும், நல்லெண்ணெயில் குழைத்த ஓரம் தெரியட்டும். கூகுளில் எடுத்த படம் வேண்டாம், வந்த பொருள் வேறு மாதிரி இருக்கிறது என்ற புகார் அங்கிருந்துதான் பிறக்கிறது. விலையை எழுதுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ்' என்றால் பாதிப் பேர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். விளம்பரம் போடும்போது மாநிலம் முழுக்கப் போடாமல் மறுநாள் போய்ச்சேரும் மூன்று நான்கு மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சந்தைத் தளங்களை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள். கமிஷன், ஒவ்வோர் ஆர்டருக்கும் நிலையான ஒரு கட்டணம், அனுப்பும் கட்டணம், இவற்றின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இவ்வளவும் போக 160 ரூபாய்ப் பாக்கெட் ஒன்றை மட்டும் விற்றால் மிஞ்சுவது சொற்பம். மூன்று பொடி சேர்ந்த தொகுப்பாகப் போட்டால்தான் கட்டுப்படியாகும். வாங்கியவரின் போன் எண்ணும் உங்களுக்குக் கிடைக்காது. சொந்த இணையதளம் அதற்கும் பிறகு. வாட்ஸ்அப்பில் ஒருநாளைக்கு இருபது ஆர்டர் வந்து எழுதி மாளவில்லை என்னும்போது செய்துகொள்ளலாம்.

புகார் வரும்போது

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் தன் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். 160 ரூபாய்க்காக நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு வாய்தா போவதைவிட, உடைந்த படத்தைப் பார்த்ததும் புதுப் பாக்கெட் அனுப்பிவிடுவது மலிவு. பெட்டியைப் பிரிக்கும் காணொளி இருந்தால்தான் மாற்றுவோம் என்று எழுதி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரிய ஆர்டருக்குக் கேட்கலாம். ஒரு பாக்கெட் வாங்கிய பெரியவரிடம் காணொளி கேட்டால் அவர் திரும்ப வரமாட்டார்.

ஒரு நோட்டு போடுங்கள். தொகுதி எண், அரைத்த தேதி, பருப்பும் மிளகாயும் எந்தக் கடை, எத்தனை பாக்கெட், அவை யார் யாருக்குப் போயின. ஒரே தொகுதியிலிருந்து வண்டு, கசப்பு, கட்டி என்று இரண்டாவது புகார் வந்த அன்றே, மூன்றாவதற்குக் காத்திராமல், அந்தப் பக்கத்தில் உள்ள எல்லோரையும் அழைத்து அந்தப் பாக்கெட்டை உபயோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பணத்தைத் திருப்பிவிடுங்கள்.